பிடிபட்ட வரி

— …சும்மா மண்டையை ஆட்டாதே. நாளையிலிருந்து இந்த ஸ்கிரிப்ட் உன் பொறுப்பு. என்ன செய்யும்? சொல்லு பாப்போம்.

— எழுதின புரோகிராமை நிம்மதியா கமிட் பண்ணி உள்ளே சேர்க்க விடாம உயிரை வாங்கும்.

— ஒழுங்கா சொல்லுடா!

— சரி சரி… தப்பு எங்கன்னு தேட, புரோகிராமுக்கு நடுவுல, ஸ்கிரீன்ல ஏதாவது காட்டற மாதிரி பிரின்ட் வரி போட்டுப் பாப்போம்ல… அதை எடுக்க மறந்துட்டு கமிட் பண்ணினா பிடிச்சு நிறுத்திடும். போதுமா, வாட்ச்மேன்?

— இன்னைக்கு ஒருநாள்தான். ஆசை தீரக் கூப்பிட்டுக்கோ.

— மாப்பிள்ளைக்குத் தெரியுமா, உன் பட்டப்பேரு?

— கல்யாணத்துக்கு வருவல்ல, நீயே சொல்லு.

— ம்… பாக்கலாம்.

— என்ன பாக்கலாம்? பக்கத்து சீட்டுல இத்தனை நாள் உக்காந்துட்டு…

— வேலை இருக்கு. நீ வேற போறே… இந்த ஸ்கிரிப்ட் இல்லாதப்போ நல்லாத்தான் இருந்துச்சு. ‘இதுவரைக்கும் ஓடுது, டீ குடிக்கப் போலாமா’ன்னு நீ ஒரு பிரின்ட் வரி விட்டு வைப்ப. ‘அஞ்சு நிமிஷம் பொறு, தாயே’ன்னு நான் ஒண்ணு விடுவேன்.

— அந்தத் தாயே போய் கஸ்டமர் ஸ்கிரீன்ல நின்னாளே! மேனேஜர் என்னைக் காய்ச்சி எடுத்தாரு. அப்புறம்தானே இதை எழுதினேன்.

— எழுதாம இருந்திருக்கலாம்.

— ஏன்?

— ஒண்ணுமில்ல… இதைப் போட்ட புதுசுல, உன் கண்ணுல படட்டும்னு ஒரு வரி எழுதினேன். உன் ஸ்கிரிப்ட் பிடிச்சிடுச்சு. அழிச்சிட்டேன்.

— என்ன வரி?

— பழைய கதை. விடு.

— வாயால சொல்லியிருக்கலாமே?

— எழுதறதுக்கே பத்து தடவை அடிச்சு அழிச்சேன், இதுல வாயால வேற… அப்புறம், ஸ்கிரிப்ட்ல கீழே ஏதோ மெயில் அனுப்பற மாதிரி இருக்கே, அது என்ன?

— அது… பிடிச்ச வரியை, எழுதினவங்க பேரோட அனுப்பும். இனிமே உனக்கு வர்ற மாதிரி மாத்திக்கோ.

— இவ்வளவு நாளா யாருக்குப் போச்சு?

— மணியாச்சு. எல்லாரும் கேக் வெட்டக் கூப்பிடுவாங்க…

— வாட்ச்மேன்… யாருக்கு?

— எனக்குத்தான்டா. ‘என்னைக் கட்டிக்கிறியா’ன்னு நீ எழுதினதை அன்னைக்கே படிச்சுட்டேன். நேர்ல வந்து கேப்பியா, கேப்பியான்னு ரெண்டு வருஷம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்… நானாவது கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேனே.