கடைசிக் குளத்துப் பலகை

இரிங்க முஸம்மில் நானா, எழும்பாதீங்க. தேத்தண்ணிய இன்னம் வாயிலயே வெக்கல்ல. உங்கட மோட்டர்தானே ஓடிட்டு ஈக்கு, அது பாட்டுக்கு எறால் குளத்த நெரப்பும். பக்கத்து வரம்புதான், ஆனா ஒரு வருஷமா எண்ட வாசல் மிதிக்கல்ல நீங்க. இண்டைக்குக் கூப்பிட்டதும் வந்தீங்களே, அதே பெரிய காரியம்.

ஓம், கோவம் ஈந்திச்சுதான். இல்லெண்டு ஏன் செல்லணும்? போன போகத்துல உங்கட குளத்துல வெள்ளப் புள்ளி நோய் கண்டதும் என்ன செஞ்சீங்க? செத்ததையும் உசிரோட ஈந்ததையும் ஒண்டா வழிச்சு வித்திட்டு, நோய்த் தண்ணிய, எல்லாரும் தண்ணி ஏத்துற வாய்க்கால்ல தொறந்து உட்டீங்க. ஒரு சொல்லு செல்லி அனுப்பியிருந்தா எண்ட ஊட்டுக்காரர் மோட்டர நிப்பாட்டியிருப்பாரு. கிழமை ஒண்டு போகல்ல, எங்கட குளத்துக் கரையெல்லாம் செத்த எறால். காக்காயும் தின்னு அலுத்துப் பெய்த்து. இப்ப அந்த மனுஷன் தல நரைச்ச வயசுல கத்தார்ல சட்டி கழுவுறாரு.

சரி, அத உடுங்க. பொறகு எறால்காரர் கூட்டத்துல, கெம்பஸ்ல ஈந்து வந்த அக்கீலா மிஸ் செல்லித் தந்தாவே, ஒண்டாவது காதுல வாங்கினீங்களா? பின்னால ஈந்து ஃபோனத்தானே நோண்டினீங்க. கிருமியும் பொழைக்கப் பாக்குற சாதிதானாம். சுறுக்கா கொல்லுற கிருமி, பூட்டின குளத்துக்குள்ள செத்த எறாலோட தானும் செத்துப் போகுமாம். கொல்லாம பதமா ஈக்கிற கிருமிதான் மிஞ்சுமாம். நாங்க என்ன செய்யிற? புள்ளியக் கண்டதும் தண்ணியத் தொறந்து, கொலகாரனுக்கு நாங்களே வேன் புடிச்சுக் குடுக்குற. அதால போகத்துக்குப் போகம் பொல்லாததுதான் பரவுது. கிருமிய வளக்கிறது எங்கட அவசரந்தான் எண்டு மிஸ் செல்லித் தந்தா. எறாலும் அப்பிடித்தானாம், தாங்கினது மிஞ்சும்.

அண்டைக்கு எங்கட எத்தாளை ஊர்க்காரர் எல்லாரும் ஒரு வாக்கா நிண்டாங்க. நோய் வந்தா ஆரும் குளத்து மதகுப் பலகைய தூக்கப்படாது, குளத்தப் பூட்டி வெச்சு வெயில்ல வத்த உடணும். அந்த வாக்கால வாய்க்காத் தண்ணி சுத்தமாகிட்டு. நீங்க என்ன செஞ்சீங்க? எல்லாரும்தான் பூட்டி வெச்சிருக்காங்களே, கிருமி கொல்லுற குளோரின் எனக்கு எதுக்கு வீண் செலவு எண்டு பள்ளி வாசல்ல நிண்டு சிரிச்சீங்க. வாய்க்காத் தண்ணிய அப்பிடியே குளத்துக்கு ஏத்துறீங்க. எனக்குத் தெரியாதெண்டு நெனைக்காதீங்க.

எண்ட கடைசிக் குளமா? ஓம், அத மட்டும் வத்த உடல்ல. அதுல கொஞ்சம் பொழச்சுக் கெடந்திச்சு, பாவம் எண்டு தீனி போட்டேன். இப்ப சாண் நீளம் ஈக்கு, துள்ளுது. நோயா? உள்ளுக்கு ஈக்கு. அதுகளுக்கு ஒண்டும் ஆகாது, மத்த எறாலுக்குத்தான் கூடாது. மிஸ் வந்து பாத்திட்டு எண்ட கையப் புடிச்சா. ராத்தா, இந்தத் தண்ணி ஒரு சொட்டும் வெளிய போகப்படாது, போனா வாய்க்கா முழுக்கத் திரும்பவும் அழியும் எண்டு செல்லிட்டுப் போனா. நல்ல புள்ள. அவ செல்லித் தந்ததெல்லாம் எனக்கு அப்பிடியே மனப்பாடம்.

உங்கட மக றிஷ்னாக்கு நாள் வெச்சாச்சாமே. சீதன ஊட்டுக்குக் கூரை போடுறது இந்தப் போகத்த நம்பித்தானாம், அவளே வந்து செல்லிட்டுப் போனா. எண்ட மடியில வளந்தவ. அவள நெனச்சு இண்டைக்கு விடிய சுபஹு தொழுகையில அழுதேன் நானா, அல்லாஹ்க்குத் தெரியும். அழுது முடிச்சிட்டுத்தான் போய்ப் பலகைய தூக்கினேன்.

எந்தப் பலகையா? கடைசிக் குளத்துது. உங்கட மோட்டர் சத்தம் கேக்குற வரைக்கும் காத்திட்டு நிண்டு தூக்கினேன். ஓடாதீங்க நானா, வரம்பு வழுக்கும். அந்தத் தண்ணி உங்கட பைப்பு வாய்க்குள்ள போறத கண்ணால பாத்திட்டுத்தான் உங்கள கூப்பிட ஆள் அனுப்பினேன்.