நம்ம வீட்டு லைன்

— ...அதனாலதான் சொல்றேன்க்கா, நாளைக்கு நீ அந்த விசாரணைக்குப் போக வேண்டாம்.

— சட்டையைக் கூட மாத்தல. வந்ததும் வராததுமா இதுதானா பேச்சு? உட்காரு.

— உட்கார்ற மாதிரியா இருக்கு? இன்டர்நெட் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போடணுமா வேண்டாமான்னு அரசாங்கம் விசாரிக்குது. ஒரு பக்கம் எங்க கம்பெனி வக்கீல், எதிர்ப் பக்கம் என் கூடப் பொறந்தவ. ஆபீஸ்ல என் மூஞ்சியை எங்க வச்சுக்கறது?

— எப்பவும் வைக்கிற இடத்துலதான். கம்ப்யூட்டருக்கு முன்னால.

— கிண்டலா?

— இல்லடா. காது கேக்காத பிள்ளைங்களுக்குக் கையால பாடம் சொல்லி இன்டர்நெட்ல போடறவ நான். உங்க உள் விவகாரம் எனக்கென்ன தெரியும்? நீயே சொல்லேன். உங்க கம்பெனி எதையாவது வேணும்னே மெதுவா விடுதா?

— யார் சொன்னா? சினிமா காட்டறவன் காசு கொடுக்கறான், அவனுக்குத் தனி வழி. மத்தவங்களுக்குப் பொது வழி. பொது வழியில கூட்டம்னா நாங்க என்ன பண்றது?

— ஆம்புலன்ஸுக்கு வழி விடுவாங்க, பார்த்திருக்கேன். சினிமாவுக்கு விடறதை இப்பதான் கேக்கறேன்.

— சரி, அரசாங்கம் உள்ள நுழைஞ்சா மட்டும் எல்லாம் நேராயிடுமா? இன்னிக்கு வேகத்தைச் சொல்லுவான். நாளைக்கு எதைப் பார்க்கணும், எதைப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லுவான். அப்ப நீயே அழுவே.

— அழலாம். ஆனா அவங்க என்னை ஒரு மைக் முன்னால நிக்க வச்சாவது கேக்கறாங்களே. உங்க கம்பெனிக்குப் போன் பண்ணா ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துங்குது. விரல்தான் தேய்ஞ்சுது. பாடத்துல எனக்கு வாயே அந்த விரல்தான்டா.

— நீ சொல்றது சரியில்லக்கா. இந்த வீட்ல உன் பாடம் ஒரு தடவையாவது நின்னுருக்கா?

— இல்ல.

— அப்புறம் எதை வச்சுப் புகார்?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். இங்க போட்டுப் பார்த்தா தண்ணி மாதிரி ஓடுது. அப்ப தப்பு பிள்ளைங்க மேலதான்னு... என்கிட்ட படிக்கிற ஒரு வாலு இருக்காளே, நேர்ல பார்த்துப் பாடத்துல என்ன கேட்டாலும் திருதிருன்னு முழிப்பா. கவனம் இல்ல, திமிருன்னு மாசக்கணக்கா திட்டினேன். அவ அம்மாகிட்டயும் வத்தி வச்சேன். நல்லா அடி விழுந்திருக்கு.

— சின்னப் பிள்ளைங்கன்னா அப்படித்தான்...

— போன வாரம் அவ வீட்டுக்கே போனேன். என் பாடத்தை அங்க உட்கார்ந்து நானே பார்த்தேன். வாயால நடத்தற பாடம்னா, படம் நின்னாலும் பேச்சாவது காதுல விழும். என் பாடத்துல கை கிளம்பறது தெரியுது... அடுத்துப் பார்த்தா மடியில கிடக்கு. நடுவுல நான் சொன்னது பூரா காணோம். அவ எதைப் பார்த்துப் படிப்பா?

— அவங்க வீட்டு மோடம் பழசா இருக்கும்.

— புதுசு. உங்க கம்பெனிதான், நம்ம பிளான்தான். நாலு தெரு தள்ளி. அதுலயே ஒரு சினிமாப் பாட்டு போட்டாங்க. சொடக்கு போடறதுக்குள்ள வந்துச்சு. ஆடறவ விரல் மோதிரம் கூடப் பளிச்சுன்னு தெரிஞ்சுது. இங்க மட்டும் எப்படிடா என் பாடம் ஓடுது?

— அக்கா...

— சொல்லு. உன் வாயால கேக்கணும்.

— மேலேர்ந்து வந்த உத்தரவுக்கா. காசு கொடுக்காதவங்க வீடியோவை எல்லாம் மெதுவாக்கச் சொன்னாங்க. கம்ப்யூட்டர்ல அதைத் தட்டிவிட்டது நான்தான். உன் பாடமும் அதுல இருந்துச்சு. அதை மட்டும் எடுத்தா மாட்டிப்பேன். அதான்... நம்ம வீட்டு லைனை மட்டும் விலக்கி வச்சேன்.

— நான் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு.

— நீ கஷ்டப்படக் கூடாதுன்னு.

— ம்.

— நாளைக்கு அங்க போய், எங்க வீட்ல மட்டும் நல்லா வருதுன்னு நீ ஒரு வார்த்தை விட்டா போதும். யார் கை வச்சதுன்னு தோண்டிருவாங்க. கம்பெனி என்னைக் காட்டிக் கொடுத்துட்டு ஒதுங்கிக்கும். என்னையும் கொஞ்சம் நெனச்சுப் பாருக்கா.

— நெனைக்காமலா? பயப்படாதே. நாளைக்கு நான் போகல.

— நிஜமாவா?

— என் முறையை இன்னிக்கே மாத்தி வாங்கிட்டேன். காலையிலயே பேசிட்டு வந்துட்டேன்.

— ஐயோ... என்னக்கா சொன்னே?

— வாலும் அவ அம்மாவும் முன்வரிசையில இருந்தாங்க. எனக்காகப் பேச வந்தவங்க. அவளைப் பார்த்தா என் கை சும்மா இருக்காதே... வாயால சொன்னதைக் கையாலயும் சொன்னேன். 'லைன்ல ஒரு குறையும் இல்ல. இந்தப் பிள்ளைதான் கவனிக்கிறதில்ல'ன்னு. அங்க நடுவுல உங்க கம்பி இல்ல பாரு... ஒரு அசைவு விடாம அவளுக்குப் போய்ச் சேர்ந்துச்சுடா.