கூரையில்லாக் காரில் இரண்டு செங்கற்கள்

கிரிஜா: உங்கட கோட்டுக்குள்ள என்னப்பா சரசரக்குது?

சிறிதரன்: பேப்பர். மடிச்சு நெஞ்சோட வைச்சால் காத்துப் போகாது. நூறு வருசத்துக்கு முந்தி இந்தக் காரில திரிஞ்ச ஆக்கள் இப்பிடித்தான் குளிரைத் தாங்கினவை.

கிரிஜா: அது கோயில் திருவிழா நோட்டீஸ்.

சிறிதரன்: அப்ப இன்னும் நல்லாத் தாங்கும். ஏறும், நேரமாகுது.

கிரிஜா: நீங்கள் இஞ்சால வாங்கோ. நான் ஓட்டுறன்.

சிறிதரன்: திரும்பவும் துடங்கிட்டீரே... நாலு வருசம் இந்தக் கராஜுக்குள்ள கிடந்து திருத்தினது, பக்கத்தில இருந்து வேடிக்கை பாக்கவோ?

கிரிஜா: எனக்கு ஓட்டப் பழக்கினது நீங்கள்தானே.

சிறிதரன்: கார் பார்க்கில பழக்கினது. இது கட்டூம்பா. மலை.

கிரிஜா: அதுதான் கேக்கிறன். மலையில பிரேக் பிடிக்கிறது கால். காலைப் பாத்திட்டு டொக்டர் என்ன சொன்னவர்?

சிறிதரன்: சுகர் கொஞ்சம் கூடவாம். கால் நல்லாக் கிடக்காம்.

கிரிஜா: போன கிழமை ஒரு செருப்போட ரோட்டு மட்டும் போய்க் குப்பை வாளி வைச்சிட்டு வந்தனீங்கள். மற்றது வாசலில கிடந்தது.

சிறிதரன்: ஏதோ யோசினை...

கிரிஜா: மழைக்குள்ள.

சிறிதரன்: இஞ்ச பாரும். பழைய கார் ஊர்வலத்துக்கு இருபது கார் வருது. எங்கட குவேக்கர்ஸ் ஹில்லில இருந்து இது ஒண்டுதான். ஹீட்டர் கூடாது, பற்றரிச் சொக்ஸ் கூடாது, அந்தக் காலத்துச் சூடு மட்டும்தான் எண்டு கிளப்பில சொல்லிப்போட்டினம். நான் ஓட்டத்தான் போறன். காலுக்குக் கீழ வைக்கிற செங்கல்லு ரெடியோ?

கிரிஜா: அவண் அடுப்புக்குள்ள வைச்சு அரை மணித்தியாலம். ரோல்ஸ் சுடுற தட்டில.

சிறிதரன்: துணி சுத்தினனீரோ?

கிரிஜா: உங்கட பழைய சாரத்தைக் கிழிச்சுச் சுத்தினனான். கை வையாதேங்கோ, நான் வைக்கிறன். வெளிக்கிடுமட்டும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு மிதிச்சுக்கொண்டிருங்கோ.

சிறிதரன்: ம்... இதுதானப்பா சுகம்.

கிரிஜா: சுடுதோ?

சிறிதரன்: பின்னே? பாதம் முழுக்க ஏறுது.

கிரிஜா: என்ரையில கால் வைக்கேலாமல் கிடக்கு. தூக்கித் தூக்கி வைக்கிறன்.

சிறிதரன்: உமக்குப் பூப்போல கால். எனக்கு அளவான சூடு. இடப்பக்கம்தான் கொஞ்சம் கூட.

கிரிஜா: இடப்பக்கம்...

சிறிதரன்: ஓம். ஏன் அப்பிடிப் பாக்கிறீர்?

கிரிஜா: டொக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கோ.

சிறிதரன்: எத்தினை தரம்? பிரச்சினையில்லை. இந்தச் சூடே எனக்கு இப்பிடி விளங்குது, பிரேக் விளங்காதோ? கதவைச் சாத்தும்.

கிரிஜா: உங்கட கல்லை நான் அவணில வைக்கேல்லை. வெளியில புல்லுக்குள்ள கிடந்ததை அப்பிடியே துணியில சுத்தினனான். அதில ஐஸ் பிடிச்சுக் கிடக்கு. கட்டூம்பாக்குப் போகத்தான் போறம். ஆர் ஓட்டுறது எண்டு மட்டும் சொல்லுங்கோ.

சிறிதரன்: தை மாசத்தில இருந்து ரெண்டு பாதத்திலயும் எனக்கு உணர்ச்சி இல்லை, கிரிஜா. கார் ஓட்ட வேண்டாம் எண்டுதான் டொக்டரும் சொன்னவர்... இஞ்சால வந்து இரும். திரும்பி வரேக்க இறக்கம், கியரைக் குறைச்சுப் பிடியும்.