சர்வரை மடக்கப் போன அண்ணாச்சி

…கம்ப்யூட்டரைக் கண்டா நம்ம சங்கத்துப் பட்டறைக்காரங்க அத்தனை பேருக்கும் பயம்தான். ஒத்துக்கிடுதேன். ஆனா டெண்டருக்குப் பெட்டி வச்சிருந்த காலத்துல மட்டும் நாம என்ன நெஞ்சை நிமித்திக்கிட்டா போனோம்? இருங்க... கரண்டு போறதுக்குள்ள சின்னதா ஒரு கதை சொல்லிப்புடுதேன். ஏய், பின் வரிசை! போனை உள்ள போடுங்கப்பா. இது உங்களுக்குத்தான்.

ஒரு ஊரு. எந்த ஊருன்னு கேக்காதீக, அந்த ஊரு சம்பந்தக்காரங்க இங்கேயே உக்காந்திருக்காக. அங்க குருவம்மான்னு ஒரு அம்மா, இரும்புக் கட்டில் செய்யிற பட்டறை வச்சிருக்காக. கட்டில்னா கட்டில்... யானை ஏறி உக்காந்தாலும் முனங்காது. ஆனா ஆர்டர்? கிடையாது. தீபாவளி வரைக்கும் பாக்குறது, அதுக்குள்ள வேலை வரலேன்னா பட்டறையைப் பூட்டிர்றதுன்னு முடிவு பண்ணிட்டாக. வெல்டருங்க பூராம் உள்ளூர்ப் பயலுக. பூட்டினா அத்தனை பேரும் திருப்பூருக்குத்தான் பஸ் ஏறணும்.

அந்த நேரம் பாத்து, அரசாங்க மாணவியர் விடுதிக்குக் கட்டில் வாங்க டெண்டர். குருவம்மா விலை போட வேண்டியதுதானே? அதான் முடியாது! ஏன்? விலைக் கவரைப் போடுற பெட்டி ஆபீசுக்குள்ள இருக்கும். வாசல்ல வெயிலுமுத்து அண்ணாச்சி இருப்பாரு. பெரிய காண்ட்ராக்டர். அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு... ஐயோ, அவரு மரியாதை இருக்கே!

"வாங்க மதினி! வேகாத வெயில்ல வந்திருக்கீகளே... அந்தக் கவரை இங்க குடுங்க, நம்ம பயலுக போட்டுருவானுக. நீங்க எதுத்த ஓட்டல்ல உக்காந்து காபி சாப்பிடுங்க."

காபி வரும். வடை வரும். சுத்தித் தடியனுக நிப்பானுக. நேரம் முடிஞ்சிரும், பெட்டியை மூடிருவாக. கவரு? அண்ணாச்சி கக்கத்துல! வருஷா வருஷம் இதேதான். அவரே கட்டில் குடுப்பாரு. வருஷம் திரும்புறதுக்குள்ள கால் கழண்டுரும், பிள்ளைக தரையில படுக்கும்.

இந்த வாட்டி அரசாங்கம் பெட்டியையே தூக்கிருச்சு. எல்லாம் ஆன்லைன். அண்ணாச்சி விலையை அவரு மருமகன் சென்னையில இருந்தே போட்டுட்டான். ஆனா அண்ணாச்சிக்கு அது என்ன, எதுன்னு ஒண்ணும் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது மறிக்கிற வேலை! தன் ஆளு சுடலையைக் கூப்பிட்டாரு. "போயி, இந்த வாட்டி பெட்டியை எங்க வச்சிருக்கானுகன்னு கேட்டுட்டு வாடா."

அங்க கிளார்க்கு சொல்லியிருக்காரு: "பெட்டியெல்லாம் கிடையாதுப்பா. எல்லாம் நேரா சர்வருக்குப் போயிரும்."

சுடலை மூச்சிரைக்க ஓடியாந்தான். "அண்ணாச்சி! இனிமே எல்லாத்தையும் சர்வர்கிட்ட குடுக்காகளாம்!"

"எந்த சர்வர்டா?"

"எதுத்த ஓட்டல்ல இருக்கிறது ஒரே சர்வர்தான அண்ணாச்சி... நம்ம மூக்கையா!"

சிரிக்காதீக... சரி, சிரிங்க, சிரிங்க.

கடைசி நாள். ஓட்டலைச் சுத்தி அண்ணாச்சி ஆளுக. மூக்கையா சாம்பார் வாளியைத் தூக்கிட்டு நடந்தா, பின்னாடியே ரெண்டு பேர் நடக்கானுக. ஒருத்தர் மூக்கையாகிட்ட கல்யாணப் பத்திரிகையை நீட்டிட்டாரு... "புடிடா கவரை!"ன்னு தடியனுக பாய்ஞ்சிட்டானுக. பாவம், பொண்ணுக்குக் கல்யாணம்னு கூப்பிட வந்த மனுஷன், பயந்து வேட்டியைத் தூக்கிக் கட்டிட்டு ஓடுறாரு!

அப்ப வாராக குருவம்மா. வெறுங்கையை வீசிட்டு வாராக. அண்ணாச்சி மேலயும் கீழயும் பாக்காரு. கவரைக் காணோம்.

"எங்க மதினி இந்தப் பக்கம்?"

"மாடியில கொஞ்சம் வேலை அண்ணாச்சி."

"கவரு... கொண்டாரலியா?"

"என்கிட்ட ஏது கவரு?"

"அப்ப போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க!" அவரே ஒதுங்கி வழி விட்டாரு! ஓட்டல் மாடியில என்ன இருக்கு? பிரவுசிங் சென்டர்! குருவம்மா முந்தானை முடிச்சுல என்ன இருக்கு? டிஜிட்டல் கையெழுத்துப் போடுற பென்டிரைவ், சுண்டுவிரல் தண்டி!

ஆனா ஒண்ணு கேளுங்க... மேல போயி எல்லாத்தையும் ஏத்திட்டாக. கடைசிப் பட்டனை அமுக்கணும். முடியல. அந்த அம்மாவே என்கிட்ட சொன்னாக: "அத்தனை வருஷப் பயம் அண்ணே... 'ஏ குருவம்மா, அவரு கீழ நிக்காருடி, நீ மேல இருக்க'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." அமுக்கிட்டாக!

விலையைத் திறந்தா, மருமகன் இஷ்டத்துக்கு ஏத்திப் போட்டிருக்கான். கேக்க யாரு வரப்போறான்னு நினைப்பு! குருவம்மா விலைதான் குறைச்சல். ஆர்டர் பட்டறைக்கு வந்துச்சு. ஒரு பயலும் பஸ் ஏறல. விடுதிப் பிள்ளைக இன்னிக்கு அந்தக் கட்டில்லதான் படுக்குதுக.

அண்ணாச்சி கதை உங்களுக்குச் சிரிப்பு. எனக்கு வேற ஒண்ணுதான் உறுத்துது. அந்த டெண்டர்ல விலை போட்டது யாரு யாரு? அண்ணாச்சி... குருவம்மா. ரெண்டே பேரு! அந்தச் சுத்துவட்டாரத்துல தெருவுக்குத் தெரு பட்டறை இருக்கேய்யா! மத்தவுகளை எவன் மறிச்சான்? பெட்டி இல்ல... வாசல் இல்ல... தடியனுக பூராம் மூக்கையா பின்னாடி சுத்துறானுக. அப்புறம் யாரு மறிச்சா?

"நமக்கெல்லாம் எங்க கிடைக்கப் போகுது"... இந்தப் பாழாப்போன பேச்சுதான்யா மறிச்சது! இதைச் சொல்லாத ஆளு இந்தக் கூட்டத்துல ஒருத்தர் இருந்தா காட்டுங்க, மாலை போடுதேன்!

கம்ப்யூட்டர் ஒண்ணும் சாமி இல்ல. அதுலயும் தில்லுமுல்லு பண்ண ஒருத்தன் வருவான். வரட்டும், சங்கம் எதுக்கு இருக்கு? சேந்து கேப்போம். ஆனா இனிமே நம்ம விலையை வாசல்லயே பிடுங்கி வச்சுக்கிட ஆள் கிடையாது. எனக்கு அதுவே பெரிய சந்தோசம்.

அடுத்தாப்புல பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு கேட்டு டெண்டர் வரப்போகுது. மேடைக்குப் பின்னாடி கம்ப்யூட்டர் வச்சிருக்கோம், டெண்டருக்கு உங்க பேரைப் பதிவு பண்ணிக் குடுக்க ஆளும் உக்காந்திருக்கு. நம்ம பிள்ளைக உக்காந்து படிக்கிற பெஞ்சு, நம்ம பட்டறையில இருந்து போனா ஆகாதா? எந்திரிங்க... யாரு மொத ஆளு?