அரிசியில்லாப் பிரியாணி

“அரிசியே போடாத பிரியாணியிலயும் அவதான் கெலிச்சுட்டாக்கா!”

டிராம் வண்டியில் என் முன்னிருக்கைப் பெண் இவ்வாறு கூறியதும், கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தேன். வண்டி இராயபுரத்தைக் கடந்துகொண்டிருந்தது. அவள் மடியில் ஒரு முட்டைக்கோசு இருந்தது.

“யாரு, உன் ஓரகத்தியா?” என்றாள் அருகிலிருந்த மூத்தவள்.

“அவளேதான். எங்க வூட்டுக்காரருக்குச் சக்கரை வியாதி, கால் புண்ணு ஆறல. சோறு, ரொட்டி ஒண்ணும் கூடாதுன்ட்டாரு டாக்டரு. அரிசிக்குப் பதிலா கோசைப் பொடிசா அரிஞ்சு, கறியோட தம் போட்டேன். வாயில வெக்கல. அவளும் அதே கோசுதான் போட்றா. தம்பி வூடுன்னு போயி, அங்க வழிச்சுத் துன்னுட்டு வர்றாரு.”

“தம்முக்கு மூடிய இன்னாத்தால அடைக்கிறே?”

“நான் ஈரத்துணி சுத்துவேன். அவ சுத்தியும் மைதா மாவு ஒட்டுவா.”

“அது வெந்தா ரொட்டியாட்டம் ஆயிடுமே. அத்த இன்னா பண்றா?”

இளையவள் முட்டைக்கோசை மடியில் உருட்டுவதை நிறுத்தினாள்.

“ரெண்டு வூட்டுக்கும் பிரியாணி ஆக்க ஒரே தேக்சாதான். நேத்து அவ ஆக்குனப்புறம் நான்தான் கழுவுனேன். விளிம்புல பொட்டு மாவு இல்லக்கா.”

“அப்போ பிச்சுப் பிச்சு மசாலால தொட்டுத் துன்னுகீறாரு உம் புருசன். போய்க் கேளு!”

இளையவள் முட்டைக்கோசை இறுக அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இன்னாத்தக் கேக்கறது? எறங்குக்கா, மைதா வாங்கணும்.”

“அய்யோ, கால் புண்ணு இன்னா ஆவறது!”

“அது ஆறும்போது ஆறட்டும். இனிமே அவ வூட்டுப் படி ஏறக் கூடாது அந்தக் காலு.”