முத்துப்பேச்சிக்கு நான் பூசிய நிறம்

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை. அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பின்னலாடை நிறுவனத்துக்கு, வெளிநாட்டு வாங்குநர் அனுப்பிய ஆடிட் குழு காலை பத்து மணிக்கு வந்தது.

இந்த விசாரணையில் நீங்கள் முத்துப்பேச்சியைப் பற்றித்தான் கேட்டீர்கள், மேடம். அதற்கு முன் மேக்கப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்தது வேறு மாதிரித் தோன்றும்.

என் பெயர் அன்புசெல்வி. சொந்த ஊர் காங்கேயம். கல்யாணமான பிறகு என் முகத்தில் மஞ்சளும் பவுடரும் தவிர வேறெதுவும் ஏறக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். தம்பி கல்யாணத்துக்கு ஒரு முறை லேசாக லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு போனேன். தாலி கட்டுவதற்கு முன்பே என்னை ஆட்டோ ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவர் இறந்த பிறகு அழகுக்கலை படித்துப் பார்லர் வைத்தேன். கொரோனா காலத்தில் அது மூடிப்போனது. அதற்கப்புறம்தான் இந்த நிறுவனத்தில் நலன் அலுவலர் வேலைக்கு வந்தேன். பெண்களின் விடுதியும் என் பொறுப்பு.

நான் சேர்ந்தபோது அங்கே மேக்கப் போட்டுக்கொண்டு வரக் கூடாது. வெள்ளைத் துணியில் ஒட்டினால் பீஸ் வீணாகிவிடும் என்பது காரணம். மை தீட்டியிருந்தாலும் வாட்ச்மேன் நல்லான் கேட்டிலேயே நிறுத்தி, குழாயடிக்கு அனுப்பி முகம் கழுவ வைப்பார். கறை என்று ஒதுக்கிய பனியன்களை ஒரு நாள் மேசையில் பரப்பி முதலாளியிடம் காட்டினேன். எல்லாம் மெஷின் ஆயில். ஒன்றில்கூட உதட்டுச் சாயம் இல்லை. "என்னமோ பண்ணுங்க" என்றார். அந்த வாரமே தடையை எடுத்துவிட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை நீங்கள் எங்கள் தையல் லைனைப் பார்த்திருக்க வேண்டும். பவர் டேபிள் தையல் மெஷினில் குனிந்திருந்த பெண்கள் எல்லோரும் ஏதோ விசேஷ வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். பூசுவதும் பூசாததும் அவரவர் விருப்பம் என்று மீட்டிங்கில் சொன்னேன். கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கை தட்டியது அந்த ஒரு தடவைதான்.

முத்துப்பேச்சி மட்டும் பூசவில்லை. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வயது பத்தொன்பது. கறுப்பு, களையான முகம். பக்கத்து மெஷின் ஜோதிகாவும் அந்தப் பக்கத்துக்காரிதான். அவள் விடமாட்டாள்.

"ஏட்டி பேச்சி, ஒரு தடவ போட்டுத்தான் பாரேன். சிமென்ட் பூசாத வீடு மாதிரியே எத்தன நாளைக்கு அலைவ?"

"உனக்குப் பூச்சு உதுந்துட்டுன்னா மறுபடி பூசணும். எனக்கு அந்தச் செலவு இல்லல்லா."

"மாப்பிள வீட்டுக்காரன் வந்தா என்னட்டி செய்வ?"

"வாரவன் என்னையத்தான பாக்க வாரான். பூசிக்கிட்டா யாரோ ஒருத்தி மாதிரி இருக்குட்டி. கண்ணாடியப் பாக்கவே கூச்சமா இருக்கு."

லைனே சிரித்தது. நான்தான் ஜோதிகாவை அதட்டினேன். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டும் என்று சொன்னேன். இதை ஜோதிகாவிடமே நீங்கள் கேட்கலாம்.

ஆகஸ்டில் பெரிய ஷிப்மென்ட் இருந்தது. எல்லோரும் ஒன்றரை ஷிஃப்ட், சில நாள் இரண்டு ஷிஃப்ட் பார்த்தார்கள். முத்துப்பேச்சிக்கு மாதவிலக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவள் அதை முதலில் யாரிடமும் சொல்லவில்லை. படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துகொள்வாள். அந்தக் கறுப்பு முகத்தில் சாம்பல் பூத்தது போல ஒரு வெளுப்பு வந்தது. ஆடிட்டுக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் நர்ஸ் ரைசா அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, ரத்தம் நாலுதானுங்க இருக்குது. பன்னெண்டு இருக்கோணும். அந்தப் புள்ள நடமாடறதே பெருசுங்க. இன்னைக்கே பெரியாஸ்பத்திரியில சேத்து ரத்தம் ஏத்தோணும்."

"வியாழக்கிழமை ஆடிட் இருக்குது கண்ணு. முடிஞ்ச கையோட நானே கூட்டிட்டுப் போறேன்."

"அதுவரைக்கும் தாங்காட்டி என்னங்க்கா பண்றது?"

"தாங்கும் சாமி. வயசுப் புள்ளதானே."

மறுநாளும் ரைசா அதையே கேட்டாள். வியாழக்கிழமை அவளை எங்கள் காங்கேயம் யூனிட்டில் டியூட்டி பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். அங்கே நர்ஸ் இல்லாமல் இருந்தது.

ஆடிட் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் லைனுக்குள் நடந்துகொண்டே பெண்களின் முகத்தைப் பார்ப்பார்கள். சிலரைக் கை காட்டுவார்கள். அந்தச் சிலரைத் தனி அறையில் வைத்து, எத்தனை மணி நேரம் வேலை, லீவு கேட்டால் தருகிறார்களா என்று கேட்பார்கள். கை காட்டுவது எப்போதும் சோர்ந்த முகத்தைத்தான். இதை நான் மூன்று ஆடிட்டில் கவனித்துவைத்திருந்தேன். விடுதியில் ஒருத்தி படுத்திருந்தால் இன்னும் மோசம். அங்கேயும் போய்ப் பார்ப்பார்கள். ஊருக்கு அனுப்பலாம் என்றால், திடீரென்று ஊருக்குப் போனவளைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும். யோசித்துப் பார்த்தால், அவள் இருப்பதற்குப் பத்திரமான இடம் அவளுடைய மெஷின்தான்.

புரொடக்‌ஷன் மேனேஜர் கன்னையன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மேடம், மூஞ்சியெல்லாம் பளிச்சுன்னு இருக்கோணுமுங்க." எப்படி என்று அவர் சொல்லவில்லை. அது என் தொழில்.

வியாழன் காலை ஏழு மணிக்கு முத்துப்பேச்சியை என் அறைக்கு வரச் சொன்னேன். ஜோதிகா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். ஜோதிகாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மேக்கப் பெட்டியைத் திறந்தேன்.

"எனக்கு இது வேண்டாம்க்கா. என்னைய ஊருக்கு அனுப்பிவிடுங்க. அம்மாட்ட போகணும் போல இருக்கு."

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கண்ணு. நாளைக்கு நானே பஸ் ஏத்திவிடறேன்."

"போட்டா மூச்சு முட்டுதுக்கா."

மூச்சு அவளுக்கு ஏற்கெனவே முட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் தாடையைப் பிடித்துக்கொண்டேன். என் கையைத் தள்ள அவள் கையைத் தூக்கினாள். பாதியில் அது மடியிலேயே விழுந்துவிட்டது. பிறகு மறுக்கவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கறுப்பு முகத்தில் ரத்தசோகையை மறைப்பது லேசான வேலை இல்லை. வெறும் ஃபவுண்டேஷன் போட்டால் சாம்பல் நிறம் இன்னும் எடுத்துக் காட்டும். அடியில் ஆரஞ்சு கலர் கொடுக்க வேண்டும். கன்னத்தில் ரூஜ் வைத்து, தெரியாமல் தேய்க்க வேண்டும். உதட்டுக்குச் செங்கல் நிறம் கொடுத்தேன். சிவப்பு கொடுத்தால் பூசியது தெரியும். நகமும் வெளுத்திருந்தது. அதற்குப் பாலிஷ் போட்டேன். முடித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. கண்ணாடியை நீட்டினேன். அவள் பார்க்கவில்லை.

ஆடிட்டர் ஒரு பெண்மணி, சென்னைக்காரர். தன்மையானவர். முத்துப்பேச்சியின் மெஷின் அருகில் வந்து நின்றார். அவள் ஏன் இவ்வளவு மெதுவாகத் தைக்கிறாள் என்று நினைத்திருக்கலாம். முகத்தைப் பார்த்தார்.

"அழகா இருக்கீங்களே. வேலை எல்லாம் எப்படிப் போகுது?"

முத்துப்பேச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இந்த இடத்தில்தான் நீங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அவள் கையைத் தூக்கி ஆடிட்டரின் துப்பட்டாவைப் பிடிக்கப் போனாள் என்பது உண்மை. பின்னால் நின்ற நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கி மடியில் வைத்தேன். தோளில் கையை அழுத்தி, "தண்ணி கேக்கறாங்க மேடம். கூச்ச சுபாவம்" என்றேன். ஆடிட்டர் சிரித்துவிட்டு, அன்று மேக்கப் போடாமல் வந்திருந்த வேறொரு பெண்ணைக் கை காட்டினார். அவளுக்கு உடம்பில் ஒன்றுமில்லை.

பன்னிரண்டு மணிக்கு முத்துப்பேச்சி மெஷின் மேலேயே சாய்ந்தாள். ஆடிட்டர்கள் சாப்பிடப் போகும்வரை ஜோதிகாவை அழாமல் இருக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு என் காரிலேயே பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். சாப்பிடாமல் மயங்கிவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னேன். உதட்டையும் நகத்தையும் பார்த்தவர், சர்க்கரை அளவைப் பார்க்கச் சொன்னார். அதற்குள் மூச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் குனிந்து அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அங்கே நான் எதுவும் பூசியிருக்க முடியாது. காகிதம் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"இவ்வளவு ரத்தம் இல்லாத பொண்ணுக்கு யாரும்மா இதெல்லாம் போட்டது?"

"அந்தப் புள்ளயோட விருப்பமுங்க டாக்டர்" என்றேன்.

ரத்தம் கொண்டுவர ஆள் ஓடியது. அது வருவதற்குள் அவள் போய்விட்டாள். ரைசா சொன்ன எண்ணை நான் அப்போதும் சொல்லவில்லை. அதனால் பயன் இருக்காது என்று தோன்றியது.

அவள் அம்மா செல்லத்தாய் மறுநாள் காலையில்தான் வந்து சேர முடியும். இரவெல்லாம் பஸ்ஸில் வருகிற ஒரு தாய், மகளை அப்படி வெளுத்துப்போய்ப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். செவிலியர் துணியைச் சுற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். கலைந்திருந்த முகத்தைச் சரி செய்தேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். அதில் எனக்கு எந்த லாபமும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

காலையில் செல்லத்தாயைப் பிணவறைக்குள் கூட்டிப் போனார்கள். நானும் போனேன். துணியை விலக்கினார்கள். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அவர் முகத்தில் வந்தது சந்தோஷம், மேடம். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

"இது எம்புள்ள இல்லய்யா. யாரு பெத்த புள்ளயோ, பாவம். எம்புள்ள இதெல்லாம் பூச மாட்டா." என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆள் மாறிப் போச்சும்மா. எம்புள்ள எங்க இருக்கா, சொல்லுங்க."

அடையாளம் எழுதிக்கொள்ள வந்திருந்த காவலர் என்னைப் பார்த்தார். நான் பஞ்சை நனைத்து, முதலில் நெற்றி, பிறகு கன்னம், கடைசியில் உதடு என்று துடைத்தேன். என் கைக்கு இரண்டு பக்கமும் முத்துப்பேச்சி தெரியத் தெரிய, செல்லத்தாய் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

சிறிது நேரம் கழித்து அது தன் மகள்தான் என்று காவலரிடம் சொன்னார். பிரேதப் பரிசோதனை முடிந்து, மூன்று மணிக்கு உடலைச் சங்கரன்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள்.