பதினோராவது கிலோமீட்டர் மழை

ரோடு கோணிப்போச்சு. நடந்த தப்பு அவ்வளவுதான் சார். நேராப் போக வேண்டிய பைபாஸு பதினோராவது கிலோமீட்டர்ல வயித்த எக்கிக்கிட்டுப் போகுது. ஏன்னு கேக்க நாலு வருஷம் கழிச்சு ஒரு என்ஜினீயர அனுப்புறாங்க. அவரும் ஊர்ல வேற ஆளில்லாம என்னைய வந்து கேக்குறாரு.

ஏறுங்க. கண்ணாடியப் பிடிச்சுத் தொங்காதீங்க, கையோட வந்துரும். ஏ.சி. மாஃபி, கெடையாது. அந்த ஜன்னலத் தொடாதீங்க. எறங்குனா ஏறாது.

ஆனந்தராசா சார்தான? யாழ்ப்பாணம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நமக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். பேரு எதுக்கு இப்ப, தண்ணி வண்டின்னு கூப்பிடுங்க. எல்லாரும் அப்படித்தான்.

என்ன? நடந்த கதையைச் சொல்லுங்கோவா? எங்க பக்கம் கதைன்னா பொய்யி சார். உங்க பக்கம் அது வெறும் பேச்சு. ரெண்டுல எது வேணும்? சரி, பேச்சே சொல்றேன். கொஞ்சம் கதை கலந்தா கண்டுக்காதீங்க.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ரோடு சுத்திப் போற அந்தக் குட்டை நிலைக்குமா வத்திருமான்னு பாத்து எழுதணும். வத்திரும்னு எழுதினீங்கன்னா மண்ணக் கொட்டி மூடிட்டு ரோட்ட நேராக்கிருவாங்க. நிலைக்கும்னு எழுதினீங்கன்னா கோணல் கோணலாவே கெடக்கும். வியாழக்கிழமை எனக்கு பிளைட்டு. விசா கேன்சல் பண்ணியாச்சு, கலாஸ், முடிஞ்சுது. எழுதுறத அதுக்குள்ள எழுதட்டுமேன்னுதான் இன்னிக்கே உங்கள வண்டியில ஏத்துனேன்.

மழையா? ரிப்போர்ட்ல மழைத் தண்ணின்னு போட்டிருக்கா. ஷார்ஜாவுல மே மாசம் மழை எங்க பெய்யுதுன்னு கேக்குறீங்க. நல்ல கேள்வி. நாலு வருஷமா ஒருத்தன் கேக்கல. அதுக்கு வர்றேன்.

மொதல்ல வாஷரு. ரப்பர் வாஷரு. எண்பத்து மூணுல, இப்ப குட்டை இருக்கிற பள்ளத்துக்கு மேலதான் ரோட்டு வேலையாளுக கேம்பு. நானூறு பேரு. குளிக்கிறதுக்கு ஒரு இரும்புத் தொட்டி. ரொப்புறது நான், அடைக்கிறது நான். வால்வுல வாஷர் தேஞ்சு ஒழுக ஆரம்பிச்சுச்சு. ஸ்டோர்ல வெங்கட்ராமன்னு ஒரு ஆளு, கும்பகோணம். ஸ்டோரும் அவன்தான், டைம்கீப்பரும் அவன்தான். வாஷர் குடுய்யான்னேன். ஃபாரம் கொண்டான்னான். ஃபாரம் குடுன்னேன். ஃபாரம் தீந்துபோச்சு, ஃபாரம் கேட்டு எழுத ஒரு ஃபாரம் இருக்கு, அதுவும் தீந்துபோச்சுன்னான்.

நானே ரோலா கடைத்தெருவுக்குப் போயி ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கலாம்தான். மாட்டல. வீம்பு சார். அவன் குடுக்கட்டும்னு நான். நான் எழுதிக் கேக்கட்டும்னு அவன். ஏழு மாசம்.

தண்ணிக்கு என்ன வீம்பா, மானமா. அது பாட்டுக்கு மேட்டத் தாண்டிப் பள்ளத்துல போய்த் தேங்குச்சு. கோரை மொளைச்சுச்சு. பூச்சி வந்துச்சு. பூச்சியத் தின்னக் குருவி வந்துச்சு. அப்புறம் ஒரு நாளு வெள்ளன பாத்தா, குச்சி குச்சியா செவத்த காலு, மேல கருப்பு வெள்ளை, எட்டுப் பேரு தண்ணிக்குள்ள நிக்கிறாங்க. கைலியத் தூக்கிச் செருகிக்கிட்டு எறங்குன ஆளுக மாதிரி.

அந்த நேரம் பாத்து வந்து சேந்தாரு வெள்ளைக்காரரு. ரோடு போட்டா எதெது சாகும்னு முன்னாடியே எண்ணி எழுதுறது அவரு வேலை. ரோடு போடுற ஆளுகளையும் எண்ணுவாரான்னு வெங்கட்ராமனக் கேக்கச் சொன்னேன். அது வேற டிபார்ட்மெண்டாம்.

அந்தப் பறவைகளக் கண்டதும் மனுசன் அப்படியே குப்புறப் படுத்துட்டாரு. ஈர மணல்ல, வெள்ளை டவுசரோட. மயக்கமாக்கும்னு தண்ணி தெளிக்க ஓடுனேன். வாயில விரல வச்சு, பேசாதேங்கிறாரு. ரெண்டு மணி நேரம் சார். எந்திரிச்சு, வெங்கட்ராமனக் கூப்பிட்டு, இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேட்டாரு.

மேட்டுக்கு அங்கிட்டுத் தொட்டி ஒழுகுது. இங்கிட்டு நான் கையில குழாயோட நிக்கிறேன். இவன் போட்டுக் குடுத்தான்னா அன்னிக்கே எனக்குக் கேன்சலு. வெங்கட்ராமன் என்னையப் பாத்தான். நான் அவனப் பாத்தேன். வாயத் தொறந்து ஒத்த வார்த்தை சொன்னான். போட்டுத்தான் குடுத்தான். வெள்ளைக்காரரு, அப்படின்னா என்னன்னாரு. அப்பத்தான் இவனுக்கு வாஷரு ஞாபகம் வருது. நான் மாட்டுனா அவனும்ல மாட்டுவான். மூஞ்சிய நீட்டி வச்சுக்கிட்டு, அந்த வார்த்தைக்கு அர்த்தத்த இங்கிலீஷ்ல சொன்னான். அவரு தலைய ஆட்டி எழுதிக்கிட்டாரு.

என்ன வார்த்தையா? இருங்க சார், ரவுண்டானா வருது. இங்க எவனும் நிக்கமாட்டான்.

எங்க விட்டேன். ஆங், அந்தப் பறவைகளுக்காக ரோட்டுக் கோடு தள்ளிப் போச்சு. முந்நூறு மீட்டரு. சர்வே ஆளுக வெயில்ல அடிச்ச முளை அம்புட்டையும் புடுங்கி மறுபடி அடிச்சாங்க. எந்த வீணாப்போனவன் பண்ணுன வேலைன்னு திட்டுனாங்க. நானும் கூட நின்னு திட்டுனேன்.

அதுக்கப்புறம்தான் வினை. கேம்ப முவைலா பக்கம் மாத்திட்டாங்க. தொட்டியும் போச்சு. ஒழுக ஒண்ணுமில்ல, குட்டை வத்துது. வெள்ளைக்காரரோ வருஷா வருஷம் வந்து எண்ணுவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. குட்டை வத்துனா குட்டு வெளிப்பட்டுரும்னு வெங்கட்ராமன் சோறு எறங்காம அலைஞ்சான். கடைசியில எங்கிட்ட அவனே வந்தான். கையில வாஷரு. எதுக்குய்யா இப்பன்னேன். அத என் கையில திணிச்சுட்டு, குட்டைக்கு என்ன பண்ணலாம்னான்.

வழி வெள்ளைக்காரரு ரிப்போர்ட்லயே இருந்துச்சு சார். ரோட்டு வேலையில தூசி கெளம்பக் கூடாது, ஒரு நாளைக்கு நாலு வண்டித் தண்ணி தெளிக்கணும்னு இருக்கு. மூணு வண்டி தூசிக்கு. நாலாவது குட்டைக்கு. நாலுக்கும் அவன் கையெழுத்து. ரோடு முடிஞ்சு தூசி மாஃபின்னு ஆச்சு. ஓரத்துல மரக்கன்னு வச்சாங்க. கன்னுக்குத் தண்ணின்னு வாரத்துக்கு மூணு வண்டி எழுதுனான். கன்னுல பாதி செத்தே போச்சு. இந்த வண்டி நிக்கல. வெள்ளைக்காரரும் வருவாரு, படுப்பாரு, எண்ணுவாரு, சந்தோசமாப் போவாரு. இந்த வருஷம் அவரு வரல, அதான் நீங்க. வெங்கட்ராமனும் போன மாசம் ஊரப் பாக்கப் போயிட்டான். இனிமே எழுத ஆளில்ல. எழுதாத தண்ணிய எவன் சார் கொண்டாந்து ஊத்துவான்?

எறங்குங்க, வந்தாச்சு. மெதுவா. பூட்ஸ டங்கு டங்குன்னு வைக்காதீங்க.

அந்தக் குச்சியப் பாருங்க. ரெண்டு ஆணி அடிச்சிருக்கேன். கீழாணிக்குத் தண்ணி எறங்குனா, பறவைக முட்டையிடுற அந்தத் திட்டுக்கு நாய் நடந்தே போயிரும். மேலாணிக்கு ஏறுனா முட்டை மெதக்கும். ரெண்டுக்கும் நடுவுல நிறுத்தணும். அவ்வளவுதான் வித்தை. போன வருஷம் லீவுல போறப்ப அழகுமலைன்னு இன்னொரு டிரைவர்ட்ட சொல்லிட்டுப் போனேன். நல்லவன். ரொம்ப நல்லவன். பாவம் தவிக்குமேன்னு மேலாணி முங்க ஊத்திட்டான். திரும்பி வந்து பாக்குறேன், மூணு முட்டை கரையில ஒதுங்கிக் கெடக்கு.

அத விடுங்க.

அந்தா, திட்டுல நாலு கெடக்கு, தெரியுதா? கல்லு இல்ல சார். நல்லாப் பாருங்க. தலைக்கு மேல பறந்து கத்துறாள்ல, உங்களத்தான் வைய்யுறா. என்னைய வையமாட்டா. பழகிப்போச்சு. பொரிக்க இன்னும் பத்து நாளாவது ஆகும். எனக்கு இருக்கிறது நாலு நாளு. கணக்கு ஒதைக்குதா.

இந்தக் குழாயக் கொஞ்சம் பிடிங்க. ரெண்டு கையாலயும். ஃபைல வண்டியில வைங்க. சட்டை நனைஞ்சா காயும், இது ஷார்ஜா. ஆணியப் பாத்துக்கிட்டே இருங்க. போதும். அடைச்சாச்சு. மேலாணிக்கு ரெண்டு வெரக்கடை கீழ நிக்குது பாத்தீங்களா, உங்களுக்குக் கை சுத்தம்.

இப்ப எழுதுங்க. வாரத்துக்கு மூணு வண்டி, ரெண்டு ஆணிக்கு நடுவுல. எழுதிட்டீங்களா? ஆணியப் படமாப் போட்ருங்க. அழகுமலைக்கு இங்கிலீஷ் வராது.

அதென்ன, பழைய தாள எடுத்துக் கோடு போடப் போறீங்க? மழைன்னு பொய் எழுதியிருக்கு, அத அடிக்காம கையெழுத்துப் போட மனசு வரலையா? அடிக்காதீங்க சார். தண்ணி வந்த வழியே பொய்யின்னு ஆனா ரிப்போர்ட்டே பொய்யின்னு ஆயிரும். மறுநாளே மண்ணு லாரிதான் வந்து நிக்கும். அப்புறம் உங்க மூணு வண்டிய யாருக்கு ஊத்துறது.

அது பொய்யுமில்ல. தண்ணி எங்கேருந்துங்கிற கட்டத்துல என்ன போட்டிருக்கு, மெதுவாப் படிங்க. கறுத்த மழை மேகம். ஆமா. வெங்கட்ராமன் சொன்ன அர்த்தம் அதேதான். இப்ப அத மறுபடி தமிழாக்குங்க. ஒத்த வார்த்தையா. உங்க ஊருத் தமிழுக்கு இது ஒரு காரியமா.

கார்முகிலா? கிட்ட வந்துட்டீங்க. அது பாட்டுல வர்றது. மனுசங்க சொல்றதச் சொல்லுங்க.

என்ன சார், கூப்பிட்டீங்களா? கார்மேகம் நான்தான்.